இழுத்தால் ஓடும் குதிரை

மலேசியாவின் குளுவாங்கில் ஒரு கல்யாண மண்டபம். அதன் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தேன். காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை, அதற்குள் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. என் கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் துரை.

துரை என்பது குதிரை. பழுப்பு நிறம், நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளைக் கீற்று. அன்றைக்கு அந்தக் கீற்றே தெரியாதபடி மல்லிகைச் சரத்தைச் சுற்றிவிட்டிருந்தார்கள். முதுகில் தங்காக் ஊர்த் துணிக்கடையில் எடுத்த ஜரிகைத் துணி. அதன் கரை முள்ளாக நின்று அவன் விலாவைக் குத்திக்கொண்டிருந்தது. யாரோ என்னைக் கேட்காமல் அவன் முன்னங்காலில் சலங்கை கட்டியிருந்தார்கள். குனிந்து அவிழ்த்தேன். நிமிர்வதற்குள் இன்னொருவர் வந்து மறுகாலில் கட்டினார். அதையும் அவிழ்த்தேன்.

பின்னால் உறுமியும் பம்பையுமாக ஆறு பேர் தோலை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன், கறுப்புக் கண்ணாடி போட்டவர், என் தோளைத் தட்டினார்.

"ஒன்னும் ஆவாது லா அக்கா. வீடியோவுல பாத்தோம்தானே, சும்மா நிக்கிறான்."

சும்மா நிற்பதற்கும் பயத்தில் விறைத்து நிற்பதற்கும் வித்தியாசம் தெரியாத மனிதரிடம் என்னத்தைச் சொல்ல? துரையின் காதுக்குக் கீழே வியர்வை கோடாக இறங்கியது. மூக்குத் துவாரம் விரிந்து உள்சிவப்புத் தெரிந்தது. ஈ உட்காராமலே தோல் நடுங்கியது. எனக்குக் கோபம் பொங்கியது. இதை எழுதுகிற இப்போதும் அது அடங்கவில்லை.

ஓடத் தெரிந்தவன், நிற்கத் தெரியாதவன்

என் வலைப்பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. நான் சிங்கப்பூர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்குக் கிட்ட வேலை பார்த்தவள். தொழிற்சாலை வேறு நாட்டுக்கு மூட்டை கட்டியதும், குளுவாங்குக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டை ஒட்டியிருந்த ஒரு குதிரை லாயத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அங்கேதான் விழுந்து விழுந்து குதிரை ஏறக் கற்றேன். பயிற்சியாளர் வேலையை விட்டுப் போனதும் குதிரைகளைப் பழக்குவது என் தலையில் விழுந்தது.

லாயத்தின் முதலாளி குணரத்தினம் சார். அரசாங்கத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர், சிலோன்காரர், வெள்ளைச் சட்டை கசங்காதவர். என்னைப் "பிள்ளை" என்பார். எனக்கு ஐம்பதை நெருங்குகிறது, பேரன் இருக்கிறான், ஆனாலும் பிள்ளை. கெட்டவர் இல்லை. குதிரைகளுக்கு உடம்புக்கு வந்தால் வைத்தியரைக் கூப்பிடத் தயங்கமாட்டார். ஆனால் யாராவது "சாரோட குதிரை அருமை" என்று சொல்லிவிட்டால் போதும், மனிதர் உருகிவிடுவார்.

துரை பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை. அவனுக்குப் பந்தய வட்டாரத்தில் வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் இருந்தது. லாரியிலிருந்து இறங்கியபோது மூக்கை மேலே தூக்கிக்கொண்டு எங்களை ஒரு பார்வை பார்த்தான். தோட்டத்துப் பிள்ளை நான், துரைமார் எங்களை அதட்டக் கேட்டு வளர்ந்தவள். துரை என்று பெயர் வைத்து, "துரை, தள்ளிப் போ" என்று அதட்டுவதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதனால் அந்தப் பெயர்.

முதல் மாதத்திலேயே மூன்று பேரைக் கீழே தள்ளினான். மூன்றாவதாக விழுந்தவர் ஜொகூர் பாருவிலிருந்து வாராவாரம் சவாரிக்கு வரும் சீனப் பெண், கணக்காளர். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். மெதுவாக நடந்துகொண்டிருந்த குதிரை திடீரென்று பாய்ந்தது, எவ்வளவு இழுத்தும் நிற்கவில்லை என்றார். மற்ற இருவரும் சொன்னது அதே வாக்கியம்தான். இழுத்தோம், நிற்கவில்லை.

சார் இன்னும் கடுமையான இரும்பு வைத்த கடிவாளம் வாங்கிவந்தார். நானே அதை மாட்டினேன், நானே ஏறினேன். பாய்ந்தான். இழுத்தேன். இன்னும் பாய்ந்தான். வேலி வரை போய் முட்டாத குறையாக நின்றதும் இறங்கி, சவுக்கால் அவன் கழுத்தில் மூன்று அடி வைத்தேன். மறைக்க மாட்டேன், அடித்தேன். மூன்றாவது அடிக்கு அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

யார் மேல் குற்றம்

அந்த வாரம் ஒரு சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, போனில் பழைய குதிரைப் பந்தய வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துரை ஓடியதா, வேறெந்தக் குதிரையா தெரியாது. கடைசி வளைவு வந்தது. மேலே இருந்தவன் கடிவாள வாரைச் சுருக்கிக் கையை இறுக்கினான். குதிரை கழுத்தை நீட்டிக்கொண்டு பறந்தது.

நிறுத்தி மறுபடியும் பார்த்தேன். வேறு பந்தயம் பார்த்தேன். ஏழெட்டுப் பார்த்திருப்பேன். எல்லாவற்றிலும் அதே கதைதான். வார் இறுகினால் குதிரை அதன்மேல் சாய்ந்து வேகம் பிடிக்கிறது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நமக்கு இழுத்தால் நில் என்று அர்த்தம். அவனுக்குக் குட்டியிலிருந்து கற்றுக்கொடுத்தது, இழுத்தால் ஓடு. மேலே ஏறுகிறவர் பயத்தில் இறுக்கிப் பிடிக்கிறார். அவன் ஓடுகிறான். அவர் இன்னும் இழுக்கிறார். அவன் இன்னும் ஓடுகிறான். கடைசியில் சொன்னதைச் செய்ததற்காகச் சவுக்கடி வாங்குகிறான். எந்தத் தப்புக்கு அடி என்றே அவனுக்குத் தெரியாது. அதனால்தான் யாராவது ஏறினாலே நடுங்கத் தொடங்கினான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாங்கள் எல்லோரும் அந்த ஜாதிதான், என்னையும் சேர்த்து. தமிழில் குதிரையை வைத்து எத்தனை பழமொழி இருக்கிறது பாருங்கள். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். ஏறினவன் ஏன் விழுந்தான் என்று கேட்க ஒரு பழமொழி உண்டா? நான் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. இந்தப் பக்கங்களைப் படிக்கும் ஒருவர், ஒரு விலங்குக்காக இவ்வளவு மாரடிக்க வேண்டுமா என்று எழுதியிருந்தார். ஐயா, விலங்குக்காக இல்லை. தப்பு ஒருவன் செய்ய, அடி இன்னொருவன் வாங்குவதை நான் ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான்.

திட்டித் திட்டி வந்த தைரியம்

கடுமையான கடிவாளத்தைக் கழற்றி மூலையில் வீசினேன். இரண்டு வாரம் ஏறவே இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனோடு நடந்தேன், அவ்வளவுதான். செம்பனை மட்டை விழுந்தால் நின்று பார்க்க விட்டேன். காற்றில் படபடக்கும் நீலத் தார்ப்பாயிடம் இரண்டு அடி போவோம், மூன்று அடி திரும்பி வருவோம். அவனாகவே மூக்கை நீட்டி அதை மோந்து பார்க்கும் வரைக்கும் அப்படித்தான்.

பிறகு ஏறினேன், வாரைத் தொளதொளவென்று விட்டுக்கொண்டு. பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிளில் மலை இறங்குவது போல இருந்தது. கை தானாக இறுக்கப் பார்க்கும். இறுக்கக் கூடாது. நிற்க வேண்டுமென்றால் இடுப்பைக் கனமாக்கி மூச்சை வெளியே விட வேண்டும். அதுதான் எனக்கு வரவில்லை. பயத்தில் மூச்சை அடக்கிக்கொள்வேன். அடுத்த நொடியே துரையின் முதுகு பலகையாகிவிடும். குதிரையைப் பொறுத்தவரை, மேலே இருக்கிறவர் மூச்சு நின்றால், எங்கோ புலி வருகிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் அவன்மேல் இருந்தபடியே என் பழைய சூப்பர்வைசரை நினைத்துக்கொண்டேன். ஏன் நினைத்தேன் என்று கேட்காதீர்கள், அந்த ஆள் இன்னமும் நினைவில் வருகிறான். தொழிற்சாலையில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, வாய்க்கு மூடி, பேசக்கூடாது. கழிவறைக்குப் போனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பான். கர்ப்பமாயிருந்த ஒருத்தியை, ஏன் அடிக்கடி போகிறாய் என்று எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டான். அப்போது நாங்கள் முப்பது பேர் வாயை மூடிக்கொண்டு குனிந்து வேலை செய்தோம். நானும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதை நினைத்ததும் மெல்லிய குரலில் அந்த ஆளைத் திட்டத் தொடங்கினேன். "நாசமாப் போறவனே, ஒனக்கு அம்மா இல்லையா, அக்கா தங்கச்சி இல்லையா..." நீளமாகத் திட்டினேன். மூச்சு விடாமல் திட்டுவது என்று சொல்வார்களே, அது பொய். திட்டும்போதுதான் மூச்சு முழுசாக வெளியே போகிறது. துரையின் ஒரு காது பின்னால் திரும்பி என் குரலைக் கேட்டது. அவன் நடை தளர்ந்தது. முதுகு இளகியது. நான் வாரைத் தொடவே இல்லை, அவனாக நின்றான். தலையைத் தாழ்த்தி மூக்கால் புர்ரென்று ஊதினான்.

அதிலிருந்து தினமும் இதுதான் எங்கள் பாடம். சூப்பர்வைசர் முடிந்தான், நாத்தனார் வந்தாள், அவள் முடிந்து வீட்டுக் கூரையை அரைகுறையாகப் போட்டுவிட்டு ஓடிய மேஸ்திரி வந்தான். இருபது வருஷம் விழுங்கியதெல்லாம் அந்தக் குதிரையின் முதுகில் வெளியே வந்தது. நான்காவது மாதம் அவனைச் செம்பனைத் தடத்தில் லாரிகளுக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு போனேன். கணக்காளர் பெண் வந்தார். அவருக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன், வாரை விடுங்கள், யாரையாவது திட்டுங்கள் என்று. அவர் சீனத்தில் யாரையோ திட்டிக்கொண்டு போனார். யார் என்று நான் கேட்கவில்லை, துரைக்கும் கவலையில்லை.

சொந்தச் செலவில் சூனியம்

ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருந்தது. லாயத்துக்குப் பக்கத்திலேயே மாரியம்மன் கோயில். வருஷத்துக்கு ஒரு தரம் ஊர்வலம் எங்கள் வேலியை ஒட்டித்தான் போகும். முந்தின வருஷம் உறுமிச் சத்தம் கேட்டுத் துரை வேலியில் பாய்ந்து மார்பைக் கிழித்துக்கொண்டான். தையல் போட வேண்டியதாயிற்று. அம்மனைத் தடுக்க முடியாது. ஆகவே குதிரையைப் பழக்க வேண்டும்.

சாஆ என்ற ஊரில் உறுமி அடிக்கும் ஆனந்தன் எனக்குத் தூரத்து உறவு, அக்கா அக்கா என்று சுற்றுகிற நல்ல பையன், வயது முப்பத்தைந்து இருக்கும். சாயங்காலம் வந்து அடித்துத் தருகிறாயா என்று கேட்டேன். வந்தான்.

முறை இதுதான். துரை புல் மேய்ந்துகொண்டிருப்பான். ஆனந்தன் செம்பனைக்குள் தூரத்தில் நின்று மெதுவாக அடிப்பான். துரை தலையைத் தூக்குவான், காதை விறைப்பான். ஆனந்தன் நகரக் கூடாது, அதே சத்தத்தில் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். துரை இளகித் தலையைத் தாழ்த்தினால், அந்தக் கணமே உறுமி நிற்க வேண்டும். அடுத்த நாள் சில அடி கிட்ட.

ஒரு மாதத்தில் துரைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நான் தலையைத் தாழ்த்தினால் அந்தச் சத்தம் நிற்கும். சத்தம் பெரிதுதான், ஆனால் நிறுத்துகிற சாவி என்னிடம் இருக்கிறது. அவன் தைரியமெல்லாம் அந்தச் சாவிதான். ஆனந்தன் பத்தடியில் நின்று அடிப்பான், இவன் நிதானமாகத் தலையைத் தாழ்த்துவான், சத்தம் நிற்கும், இவன் புல்லைக் கடிப்பான். அந்த வருஷம் ஊர்வலம் போனபோது வேலி ஓரத்தில் நின்று தலையைத் தாழ்த்தினான், மேளம் நகர்ந்து தூரம் போயிற்று. தன்னால்தான் போயிற்று என்று நினைத்திருப்பான். நான் அழுதுவிட்டேன்.

ஆனந்தன் எங்கள் பயிற்சியைப் போனை மரத்தில் சாய்த்து வைத்துப் படம் பிடித்திருந்தான். அடித்தது, துரை தலையைத் தாழ்த்தியது, அதோடு வெட்டிவிட்டான். சத்தம் நின்றது அதில் இல்லை. கீழே ஒரு வரி: உறுமிக்குத் தலை வணங்கும் குதிரை. மூன்று நாளில் அது யார் யார் போனுக்கோ போய்விட்டது. நான் கூப்பிட்டு வந்த ஆள், நான் பழக்கிய குதிரை. எனக்கு நானே வைத்துக்கொண்ட சூனியம்.

அடுத்த வாரம் சார் என்னைக் கூப்பிட்டார். தெரிந்தவர் வீட்டுக் கல்யாணமாம். மாப்பிள்ளை குதிரையில் வர வேண்டுமாம், இந்தக் குதிரைதான் வேண்டுமாம். நான் முடியாது என்றேன். கூட்டத்தில் மேளம் நிற்காது, அவன் தலையைத் தாழ்த்தினாலும் நிற்காது, எல்லாம் பாழாகிவிடும் என்று விளக்கினேன்.

"ஒருக்காத்தான் பிள்ளை," என்றார் சார். "நீர் வராட்டி வேற ஆளை விட்டுப் பிடிக்கச் சொல்லுவன்."

வேறு ஆள் என்றால் இழுப்பான். அதனால் போனேன். போனதற்கு இது காரணம்தான், நியாயம் இல்லை. நிபந்தனைகள் போட்டேன். வெடி கூடாது. மேளம் இருபதடி பின்னால். மாப்பிள்ளை வாரைத் தொடக்கூடாது, குதிரைக் கழுத்தில் நான் கட்டித்தரும் பட்டையை மட்டும் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார்கள். சரி என்ற சொல்லுக்குத்தான் காசா பணமா?

கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரை

மாப்பிள்ளை ஏறினார். பாவம், அவர் முகத்தில் ரத்தமே இல்லை. யாருக்கோ வந்த ஆசைக்கு இவர் பலி. பட்டையைக் காட்டினேன், பிடித்துக்கொண்டார். கடிவாளத்துக்கு உள்ளே தலைக்கயிறு ஒன்றும் போட்டிருந்தேன். அதை நான் பிடித்திருந்தேன். கூட்டத்தில் ஐம்பது போன்கள் மேலே தூக்கிப் பிடித்திருந்தன.

உறுமி தொடங்கியது, அடித்த ஆறு பேரில் ஆனந்தனும் ஒருவன். இருபதடி அல்ல, துரையின் வாலுக்குப் பின்னால்.

துரை அதிர்ந்தான். ஆனால் ஓடவில்லை. தனக்குத் தெரிந்ததைச் செய்தான், தலையைத் தாழ்த்தினான். மேளம் நிற்கவில்லை. இன்னும் தாழ்த்தினான். நிற்கவில்லை. மூக்கு தாரைத் தொடுகிற அளவுக்குத் தாழ்த்திக்கொண்டு, கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான்.

கூட்டம் கைதட்டியது. ஐயோ, கும்பிடுகிறான் பாரேன் என்று ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். தாய்மாமன் மேளக்காரர்களைப் பார்த்து இன்னும் அடிக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். அவன் வணங்கவில்லையடி அம்மா, கெஞ்சுகிறான். எனக்கு அங்கிருந்த ஒவ்வொரு போனையும் பிடுங்கித் தாரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

தலை தாழ்ந்ததும் மேலே இருந்த மாப்பிள்ளை முன்னால் சரிந்தார். பயந்துபோய்ப் பட்டையை விட்டுவிட்டு வாரைப் பற்றினார். இரண்டு கையாலும் இழுத்தார். துரையின் பின்னங்கால்கள் அடியில் கூடுவதைப் பார்த்தேன். அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். முன்னால் கூட்டம், குழந்தைகள், வாசலில் வாழை மரம், மேலே வேட்டி கட்டிய மாப்பிள்ளை.

"விடுங்க தம்பி, கைய விடுங்க," என்றேன். விடவில்லை. பயந்தவன் விடமாட்டான், நான் விட்டேனா? தொண்டைப் பட்டையின் கொக்கியைக் கழற்றினேன். கடிவாளம் முழுவதையும் காதுக்கு மேலாக இழுத்து உருவினேன். இரும்பு அவன் வாயிலிருந்து வெளியே விழுந்தது. மாப்பிள்ளையின் கையில் வார் இருந்தது, வாரின் மறுமுனையில் குதிரை இல்லை. சுற்றி நின்றவர்கள் பதறிப் பின்னால் போனார்கள். வெறிபிடித்த குதிரையின் கடிவாளத்தைக் கழற்றும் பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும், இடம் கிடைத்தது.

துரை நின்றான். நான் அவன் காதுக்கருகில் போய் மெல்லிய குரலில் திட்டத் தொடங்கினேன். தாய்மாமனில் ஆரம்பித்தேன். அவர் கண்ணாடி, அவர் பரம்பரை, ஒன்றையும் விடவில்லை. அப்படியே ஆனந்தனைப் பார்த்துக் கையைக் காட்டினேன். அங்கே இருந்தவர்களில் துரை என்ன கேட்கிறான் என்று புரிந்த இன்னொருவன் அவன்தான். உறுமியை நிறுத்தினான். மற்ற ஐந்து பேரும் நிறுத்தினார்கள். துரை நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

தாய்மாமன் வந்து ஆனந்தனிடம், எதற்கு நிறுத்தினாய், அடி என்றார். ஆனந்தன் என்னைப் பார்த்தான். கூலிக்கு வந்தவன், என்ன செய்வான்? மறுபடி தொடங்கியது. வாசல் வரை நாற்பது ஐம்பது அடி இருக்கும். அந்தத் தூரம் முழுக்கத் துரை தலையைத் தாழ்த்தியபடியே நடந்தான், நான் திட்டியபடியே நடந்தேன், மேளம் ஒரு கணம்கூட நிற்கவில்லை.

யாருக்கும் அடிபடவில்லை. எல்லாம் நன்றாக நடந்தது என்றார்கள்.

நன்றாக நடந்ததன் பலன்

அதற்குப் பிறகு ஒரு வாரம் துரை புல்வெளியில் நின்றபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பான். வாளியில் தீனி அப்படியே கிடக்கும். நான் ஏறவில்லை. லாயத்துக் கதவை யாராவது படாரென்று சாத்தினால் அவன் உடம்பே தூக்கிப்போடும். ஒரு வருஷத்து வேலையை ஒரு காலையில் அழித்துவிட்டார்கள், சிரித்துக்கொண்டே.

சார் சந்தோஷமாக வந்தார். கடிவாளம்கூட இல்லாமல் மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு உறுமியை வணங்கிப் போகும் குதிரை என்று அந்த வீடியோ முதல் வீடியோவையும் தாண்டிப் போய்விட்டதாம். ஐந்து கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார்களாம். ஒருக்கா, ஐந்தாகிவிட்டது. அதிலும் கடிவாளம் இல்லாமல்தான் வேண்டுமாம், அதுதான் அழகாம்.

"எல்லாம் உம்மாலதான் பிள்ளை," என்று மனசாரச் சொன்னார். பாராட்டுகிறாராம். அவன் தீனி தின்னாததைச் சொன்னேன். வெயில் என்றார். கதவுச் சத்தத்துக்குத் துள்ளுவதைச் சொன்னேன். கொஞ்ச நாளில் சரியாகும் என்றார். சண்டை போட்டேன். காது கேட்கிறவரிடம்தானே சண்டை போட முடியும்?

அந்த ஐந்தில் முதல் கல்யாணத்துக்குச் சனிக்கிழமை காலை லாரி வந்தது. ஜரிகைத் துணி மடித்து உள்ளே வைத்திருந்தார்கள். சார் வழக்கமான வெள்ளைச் சட்டையில் நின்றார். நான் துரையை அழைத்துவந்தேன்.

லாரியின் பலகைச் சரிவில் துரையை ஏற்ற எங்களிடம் ஒரு முறைதான் உண்டு. நான் முன்னால் ஏறிப் போவேன், அவன் பின்னால் வருவான். வேறு யார் போனாலும் வரமாட்டான். அன்றைக்கு அவன் ஏறமாட்டான் என்று நான் உள்ளூர நம்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதைத்தான் வேண்டிக்கொண்டேன். அவன் மறுத்துவிட்டால் நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சாரும் கண்ணாரப் பார்த்துவிடுவார், எனக்கும் வேலை தப்பும்.

சரிவில் கால் வைத்தேன். கயிறு தளர்வாகவே இருந்தது. பின்னால் அவன் குளம்பு பலகையில் விழும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தயங்கவே இல்லை. அந்த மண்டபத்துக்குக் கூட்டிப்போனதும் இதே லாரி, இதே நான். இருந்தும் வந்துவிட்டான். உள்ளே வந்து என் முதுகில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றான்.

அவனை அங்கேயே திருப்பி, சரிவில் இறக்கிக் கீழே கொண்டுவந்தேன்.

ஏன் இறக்கினாய் என்று சார் கேட்டார். நான் கூப்பிட்டால் எங்கே வேண்டுமானாலும் வருவான், அதனால் கூப்பிட மாட்டேன் என்றேன். என் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். சொல்லட்டும் என்று நின்றேன். பிறகு கயிற்றை வாங்கித் தானே முயன்றார். துரை சரிவைப் பார்த்துவிட்டு நான்கு காலையும் ஊன்றிக்கொண்டான். லாரி ஓட்டுநர் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தார். வெள்ளைச் சட்டை முழுக்க வியர்வை. அரை மணி நேரம் ஆகியிருக்கும். மண்டபத்திலிருந்து போன் மேல் போன்.

கடைசியில் சார் போனை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கும் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தியிருந்தார், மறுமுனையின் கூச்சல் எனக்கும் கேட்டது. கூட்டம் காத்திருக்கிறது, எங்கே குதிரை என்று கேட்டார்கள். சார் துரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"என்ன செய்யிறது, குதிரை முரண்டு பிடிக்குது."

நான் துரையின் கயிற்றைச் சாரின் கையிலிருந்து எடுத்துக்கொண்டேன். அந்தப் போனுக்குக் கிட்டே போய் நின்று, மறுமுனையில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"குதிரை ஒன்னும் முரண்டு பிடிக்கலிங்க. அதுக்குத் தப்பு சொல்லாதீங்க. நான்தான் பிடிக்கிறேன். எம் பேரு அம்பிகா."